செத்த காலேஜும் அருங்காட்சியகமும்

கிரேக்கப் புராணத்தில் கவிதை, இசை, வரலாறு, வானியல் போன்றவற்றுக்கு ஒன்பது தேவதைகள் உண்டு. மியூஸ்கள் என்பார்கள். அம்மா பெயர் நெமோசினி. ‘நினைவு’ என்று பொருள். இந்த ஒன்பது பேருக்கும் உரிய இடம் ‘மூசெயோன்’. அது லத்தீனில் நுழைந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் ‘மியூசியம்’ ஆனது.

அலெக்சாந்திரியாவில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இருந்த மூசெயோன் பேர்பெற்றது. அங்கே வேடிக்கை பார்க்க யாரும் போகவில்லை. அறிஞர்கள் அரசர் செலவில் தங்கி, உண்டு, படித்து, வாதிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு கல்லூரி. பொருள்களைத் திரட்டிப் பார்வைக்கு வைக்கும் இடம் என்ற பொருள் வெகு பின்னால் ஏறியது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் திறக்கப்பட்டதே 1683இல்தான்.

சென்னையின் மியூசியம் 1851இல் நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கியது. சில ஆண்டுகளில் எழும்பூருக்குப் போய்விட்டாலும் ‘காலேஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் ‘செத்த காலேஜ்’. அப்போ மிருகக்காட்சி சாலை? ‘உயிர் காலேஜ்’! கேலிப்பெயர் போலத் தோன்றினாலும், கிரேக்க மூலத்துக்கு மிக அருகில் போன தமிழ்ப் பெயர் இதுதான் என்பேன்.

இலங்கைத் தமிழில் ‘நூதனசாலை’ என்ற சொல் உண்டு. நூதனம் என்றால் புதுமை. பழையன கிடக்கும் இடத்துக்கு இப்படி ஒரு பெயர். விநோதம் என்ற பொருளில் கொண்டால் பொருந்திவிடும்.

இன்று நிலைபெற்ற சொல் அருங்காட்சியகம். அருமை + காட்சி + அகம். ‘மை’ கெட்டு, ககரத்துக்கு முன் ‘ங்’ தோன்றி ‘அருங்காட்சி’. யகர உடம்படுமெய் பெற்று ‘காட்சியகம்’. நல்ல சொல்தான். ஆனால் உள்ளூர் அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் கல், கிளிஞ்சல், வண்ணத்துப்பூச்சி, நெல் அளந்த மரக்கால். மரக்காலைப் பார்த்ததும் ‘இது எங்க பாட்டி வீட்டுல கிடந்ததே’ என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. நேற்றுவரை எளிதாகக் கிடைத்தது இன்று ‘அரு’ ஆகிவிட்டது.

அங்கே தொங்கும் ‘இயற்கை வரலாறு’ என்ற பலகையும் கொஞ்சம் ஏமாற்றும். ‘நேச்சுரல் ஹிஸ்டரி’யின் தமிழாக்கம் அது. ‘ஹிஸ்டரி’யின் கிரேக்க மூலமான ‘ஹிஸ்டோரியா’வுக்கு ‘விசாரித்து அறிதல்’ என்றுதான் பொருள். கடந்த காலம் என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து அறையில் தொங்கும் ‘மரபு’ என்ற பலகை இன்னும் சுவாரசியம். தொல்காப்பியத்தின் மரபியல் தொடங்குவதே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று உயிரினக் குஞ்சுகளின் பெயர்களோடு. அதாவது, இயற்கை, மரபு என்ற இரண்டு அறைகளும் தொல்காப்பியத்தில் ஒன்றாகவே இருக்கின்றன.

அப்புறம், பலர் ‘அருங்காட்சியம்’ என்று எழுதுகிறார்கள். ககரத்தை விழுங்கினால் ‘அகம்’ காணாமல் போய்விடும்.