அந்தப் போட்டோவ எடுத்தது யாரு?

எங்க வீட்ல தாத்தா பாட்டி கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு. கருப்பு வெள்ளை. ஃப்ரேம்லருந்து கழட்டி ஜன்னல் பக்கம் கொண்டு போய் லேசா சாய்ச்சா, தாத்தாவோட கோட்டும் பாட்டியோட அடர்கலர் பட்டுப்புடவையும் மட்டும் பாதரசம் பூசின மாதிரி பளபளக்கும், நேரா பார்த்தா ஒண்ணுமே தெரியாது. சின்ன வயசுல அது ஸ்டூடியோக்காரர் பண்ண ஏதோ வித்தைன்னு நினைச்சிருந்தேன். வித்தையும் இல்ல ஒண்ணும் இல்ல, படத்துக்குள்ள இருக்குற வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா மேல வந்துட்டு இருக்கு. பின்னாடி திருப்பினா ஸ்டூடியோ சீல் பாதி அழிஞ்சிருக்கு, ஊர் பேரு மட்டும் படிக்க முடியுது, எடுத்தவர் பேரு போயிடுச்சு.

படம் அழியறது ஒண்ணு, எடுத்தது யாருங்கறது அழியறது இன்னொண்ணு. ஆர்க்கைவ்ல, அதாவது பழைய ஆவணங்கள பாதுகாக்கற காப்பகத்துல வேலை பாக்கறவங்க நாள் பூரா மல்லுக்கட்டறது இந்த ரெண்டோடயும்தான், அதுலயும் ரெண்டாவதுதான் கஷ்டமானதுன்னு நான் சொல்வேன். ஏன்னு பாக்க பௌஹவுஸ விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பௌஹவுஸ் ஜெர்மனில இருந்த ஒரு டிசைன் பள்ளி. 1919ல வால்டர் குரோப்பியஸ்னு ஒரு கட்டிடக்கலைஞர் வைமார் ஊர்ல ஆரம்பிச்சாரு, 1925ல டெஸாவுக்கு மாறுச்சு, 1932ல அங்கருந்தும் துரத்தினாங்க, கடைசியா பெர்லின்ல ஒரு பழைய டெலிபோன் ஃபேக்டரில நடத்திப் பார்த்தாங்க, நாஜிக்கள் ஆட்சிக்கு வந்ததும் 1933ல மூடிட்டாங்க. மொத்தமே 14 வருஷம். ஆனா இன்னிக்கு ஆபீஸ்ல நீங்க உக்காந்திருக்குற ஸ்டீல் குழாய் சேர்லருந்து வெள்ளைச் சுவரும் கண்ணாடியுமா நிக்கற அபார்ட்மென்ட் வரைக்கும் அதோட சாயல் இருக்கு. 1922 டிசம்பர்ல கொல்கத்தாவுலயே இவங்க ஓவியங்களோட கண்காட்சி ஒண்ணு நடந்திருக்கு, அங்க வாத்தியாரா இருந்த ஓவியர்கள் க்ளே, காண்டின்ஸ்கி எல்லாரோட படமும் வந்திருக்கு.

இப்படி மூணு ஊர் மாறி, கடைசில போலீஸ் ரெய்டோட முடிஞ்ச பள்ளிக்கூடத்துக்கு ரெக்கார்டு ரூம் எங்க இருக்கும் சொல்லுங்க? வாத்தியார்கள் நிறைய பேர் அமெரிக்கா போயிட்டாங்க, பசங்க ஆளுக்கொரு தேசம். வைமார விட்டுக் கிளம்பும்போது குரோப்பியஸ் 168 பொருள எடுத்து அந்த ஊர் மியூசியத்துல விட்டுட்டுப் போனாரு, அது பல வருஷம் யாரும் கண்டுக்காம கிடந்துச்சு. மத்ததெல்லாம் ஆளாளுக்கு பெட்டில, பரண்ல. ஹார்வர்டுல இருந்த சார்ல்ஸ் குன்னுங்கற மியூசியக் காப்பாளர் 1940கள் கடைசிலருந்து பழைய மாணவர்களுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டு சேகரிச்சாரு, குரோப்பியஸும் அப்போ அங்கதான் பாடம் எடுத்துட்டு இருந்தாரு, இன்னிக்கு அங்க 30,000க்கு மேல பொருள் இருக்கு. ஜெர்மனில ஹான்ஸ் மரியா விங்க்லர் 1960ல டார்ம்ஷ்டாட்ல பௌஹவுஸ் ஆர்க்கைவ ஆரம்பிச்சாரு, 1971ல அது பெர்லினுக்குப் போச்சு. அதாவது பள்ளிக்கூடம் செத்த அப்புறம் அதோட ஞாபகத்த துண்டு துண்டா பொறுக்கி ஒட்ட வேண்டியதாயிடுச்சு. ஒட்டும்போது எந்தத் துண்டு யாரோடதுங்கற கேள்வி வந்துதானே ஆகும்.

அந்தக் கேள்வில மாட்டினவங்கதான் லூசியா மொஹோலி.

பிராக்ல 1894ல பிறந்தவங்க, பௌஹவுஸ் வாத்தியார் மொஹோலி-நாகியோட மனைவி. பள்ளிக்கூடத்துல இவங்களுக்கு சம்பள வேலை கிடையாது. ஆனா டெஸா கட்டிடத்தோட அந்த கண்ணாடிச் சுவர், மாடி பால்கனி, மரியான் பிராண்ட் செஞ்ச குட்டி டீ பாத்திரம்னு இன்னிக்கு பௌஹவுஸ்னு கூகுள்ல தேடினா வர்ற பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்ல நிறைய இவங்க எடுத்தது. பெரிய மரக் கேமரா, உள்ள 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டு.

இந்தக் கண்ணாடித் தட்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாதான் மத்த கதை விளங்கும். கண்ணாடி மேல ஜெலட்டின் பூச்சு, கேப்ஸ்யூல் மாத்திரையோட கூடு இருக்கே அதே சாமான், மாட்டெலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கறது. அதுக்குள்ள வெள்ளி புரோமைடு துகள்கள் விதைச்ச மாதிரி பரவியிருக்கும். வெளிச்சம் பட்ட துகள்ல நாலஞ்சு வெள்ளி அணு மட்டும் பிரிஞ்சு ஒரு புள்ளியா சேருது, அவ்ளோதான், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. டெவலப்பர்ங்கற ரசாயனக் கரைசல்ல போட்டதும் அந்தப் புள்ளி உறை மோர் மாதிரி வேலை செய்யும், புள்ளி இருக்குற துகள் முழுசும் வெள்ளியா மாறிடும், புள்ளி இல்லாதது அப்படியே நிக்கும், நிக்கறத ஹைப்போங்கற இன்னொரு ரசாயனம் கரைச்சு வெளிய தள்ளிடும். மிஞ்சறது நூல் சிக்கல் மாதிரி நுணுக்கமான வெள்ளி இழை, அது கருப்பா தெரியும். வெளிச்சம் அதிகம் பட்ட எடம் கருப்பு, அதனால வானம் கருப்பு, நிழல் கண்ணாடியா தெளிவு.

அப்புறம் அந்தத் தட்ட போட்டோ பேப்பர் மேல நேரடியா வச்சு வெளிச்சம் காட்டினா அதே சைஸ்ல பிரிண்ட் வரும், லென்ஸ் நடுவுல இல்லாததால ஜன்னல் கம்பி ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல துல்லியம். எத்தனை பிரிண்ட் வேணாலும் போடலாம். தட்டு யார் கைல இருக்கோ படம் அவங்க கைல, இதுதான் விஷயம்.

1933ல லூசியாவோட துணையா இருந்த கம்யூனிஸ்ட் எம்.பி. அவங்க வீட்லயே வச்சு கைதானாரு. இவங்க யூத வம்சம் வேற. கைல கிடைச்சதோட பெர்லின விட்டு ஓடினாங்க. கண்ணாடித் தட்டு 500க்கு மேல, எவ்வளவு கனம் இருக்கும் யோசிச்சுப் பாருங்க, தூக்கிட்டா ஓட முடியும்? அத பிரிஞ்சு போன கணவர்கிட்ட விட்டுட்டுப் போனாங்க, அவரு கிளம்பும்போது குரோப்பியஸ்கிட்ட குடுத்தாரு, குரோப்பியஸ் சாமானோட சாமானா அது அமெரிக்கா போயிடுச்சு. 1938ல நியூயார்க்ல மோமாங்கற நவீன கலை மியூசியம் பெரிய பௌஹவுஸ் கண்காட்சி வச்சப்போ கேட்டலாக்ல அந்தப் படங்கள் நிறைய வந்துச்சு. லூசியா பேரு இல்லாம.

எனக்கு இதுல தாங்க முடியாத விஷயம் என்னன்னா, அந்தச் சமயத்துல லூசியா லண்டன்ல அகதியா இருந்தாங்க, போர்க் காலத்துல அங்க மைக்ரோஃபிலிம் சேவை ஒண்ண நிர்வாகம் பண்ணாங்க. மத்தவங்க ஆவணங்கள ஃபிலிம்ல எடுத்து, நம்பர் போட்டு, தொலையாம பாத்துக்கற வேலை! தன்னோட தட்டெல்லாம் குண்டு வீச்சுல போயிருக்கும்னு நினைச்சுட்டு இருந்தவங்களுக்கு 1950கள்லதான் அது குரோப்பியஸ்கிட்ட பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சுது. லெட்டர், வக்கீல்னு இழுத்து 1957ல 230 தட்டு மட்டும் திரும்ப வந்துச்சு. அவங்களே போட்டு வச்ச கார்டு கணக்குப்படி 330 காணோம். தட்டு இல்ல, ஆனா காணாம போனது எதுன்னு சொல்ற கார்டு இருக்கு. ஆர்க்கைவோட பாஷைல அந்தக் கார்டுக்கு தட்டுக்குச் சமமான மதிப்பு உண்டு.

குரோப்பியஸ் கெட்டவரா நல்லவரான்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, தட்டுகள் உடையாம வந்ததுக்கு அவரும் காரணம்தான். ஆனா பேர விட்டது தப்பு, அதுல மழுப்ப ஒண்ணும் இல்ல.

சரி, இந்தத் தகராறு நடந்தது இன்னிக்கு நமக்கு எப்படித் தெரியுது? ரெண்டு தரப்பு லெட்டரும் இருக்கறதாலதான். இங்கதான் ஆர்க்கைவோட அடிப்படை விதி வருது. நூலகத்துல புத்தகத்த சப்ஜெக்ட் பிரிச்சு அடுக்கறோம் இல்லயா, ஆர்க்கைவ்ல அப்படிப் பண்ணவே கூடாது. ஒருத்தர்கிட்டருந்து வந்த காகிதம் எல்லாம் அவர் பேர்லயே ஒரு தொகுப்பா இருக்கணும், அவர் எந்த வரிசைல வச்சிருந்தாரோ முடிஞ்ச வரைக்கும் அதே வரிசை. கட்டிட போட்டோ எல்லாத்தையும் ஒரு பெட்டி, டீ பாத்திரம் எல்லாம் ஒரு பெட்டின்னு சமர்த்தா கலைச்சு அடுக்கிட்டா பாக்க அழகா இருக்கும், ஆனா எந்தப் படம் யாருகிட்டருந்து எதோட ஒட்டி வந்துச்சுங்கற தடயம் போச்சு. வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் ஆகி ஆகி வர்ற போட்டோ மாதிரி ஆயிடும், படம் இருக்கு, மூலம் இல்ல. அந்தக் காலத்துல டைப்ரைட்டர்ல லெட்டர் அடிக்கும்போது கார்பன் வச்சு ஒரு காப்பி எடுத்து வச்சுப்பாங்க, அதனால ஒரிஜினல் வாங்கினவர் தொகுப்புலயும் கார்பன் காப்பி அனுப்பினவர் தொகுப்புலயும் இருக்கும், ஒருத்தர் மறைச்சாலும் இன்னொரு பக்கம் பேசும். குரோப்பியஸ் காகிதங்களே ஹார்வர்டுல பாதி, பெர்லின்ல பாதின்னு பிரிஞ்சுதான் கிடக்கு. அதத் தேடிப் பிடிக்க ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வழிகாட்டிப் பட்டியல் எழுதுவாங்க, பெட்டி எண், ஃபோல்டர் எண், உள்ள யாரு யாருக்கு எழுதினது, எந்த வருஷம்னு. படிக்க மளிகைக்கடை நோட்டு மாதிரி வறட்சியாதான் இருக்கும்.

இனிமே பொருள் அழியற கதை. கண்ணாடித் தட்ட ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வச்சா கீழ இருக்கறது கனத்துல விரிசல் விடும், அதனால கிச்சன் ஸ்டாண்டுல தட்டு நிக்கற மாதிரி நீளப் பக்கம் கீழ இருக்க நிமித்தி வைக்கறாங்க. உறைக்குள்ள சொருகினா பூச்சு உராயும், அதனால நாலு பக்கமும் மடல் இருக்குற காகிதத்த விரிச்சு, நடுவுல தட்ட வச்சு, மடல மூடறாங்க. வெளிய எழுதறத தட்டு வைக்கறதுக்கு முன்னாடியே பென்சில்ல எழுதிடணும். ஈரப்பதம் 30லருந்து 40 சதவீதம். அதுக்கு மேல போனா ஜெலட்டின் ஊறும், பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் காஞ்சாலும் பூச்சு சுருங்கி கண்ணாடிய விட்டு உரியும். பாட்டி போட்டோல நடந்ததும் இதேதான்: மட்டமான அட்டை, பெயின்ட், காத்துல இருக்குற கந்தக வாயு எல்லாம் சேர்ந்து வெள்ளிய அயனியா மாத்துது, அது ஈரமான ஜெலட்டின் வழியா மேல ஏறி மறுபடியும் வெள்ளியா படியுது. கருப்பு எடத்துலதான் வெள்ளி அதிகம், அதனால கோட்டும் புடவையும் மட்டும் மின்னுது.

காகிதம் இன்னும் மோசம். மரக்கூழ்ல செஞ்ச காகிதத்துல மரத்த கெட்டியா பிடிச்சு வைக்கற லிக்னின்ங்கற பொருள் இருக்கும், மை ஊறாம இருக்க படிகாரம் போடுவாங்க, ரெண்டும் சேர்ந்து அமிலமாகி காகித நாரோட செல்லுலோஸ் சங்கிலிய அங்கங்க வெட்டிடும். அலமாரில விரிச்ச பழைய பேப்பர் பழுப்பாகி தொட்டா அப்பளமா நொறுங்குது பாருங்க, அதுதான். பௌஹவுஸ் ஆரம்பிச்சது முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட, நல்ல காகிதத்துக்கே வழியில்லாத நாடு. 1923ல பணவீக்கம் எந்த அளவுக்குப் போச்சுன்னா ஹெர்பர்ட் பாயர்ங்கற மாணவர்கிட்ட வைமார் இருக்குற தூரிங்கியா மாநில அரசு வங்கிக்கு மில்லியன் மார்க் நோட்டு டிசைன் பண்ணச் சொன்னாங்க. காகிதத்தோட அமிலத்துக்கு மருந்து சுண்ணாம்புக்கல் பொடிதான், கால்சியம் கார்பனேட் கலந்த ஃபோல்டர்ல வச்சா வர்ற அமிலத்த அது தின்னுடும். போட்டோவுக்கு மட்டும் பொதுவா சுண்ணாம்பு கலக்காத உறைதான்.

ஆனா பாதுகாக்கவே முடியாததும் இருக்கு. பௌஹவுஸ்ல முதல் வருஷப் பசங்களுக்கு ஜோசஃப் ஆல்பர்ஸ்ங்கற வாத்தியார் வெறும் பேப்பர மட்டும் குடுத்து, வெட்டி மடிச்சு நிக்க வைங்க, வீணாக்காதீங்கம்பாரு. அந்தக் காகிதச் சிற்பம் எல்லாம் அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும், மிச்சம் இருக்கறது பெரும்பாலும் போட்டோதான். அவரோட மனைவி, அங்க நெசவு படிச்ச ஆனி ஆல்பர்ஸ் பெர்னாவ் ஊர் தொழிற்சங்கப் பள்ளி அரங்கத்துக்கு நெய்த துணி, பின்பக்கம் எதிரொலிய விழுங்கற பருத்தி, முன்பக்கம் வெளிச்சத்த திருப்பி அடிக்கற செல்லஃபேன்ங்கற கண்ணாடிக் காகிதம், 1930ல அவங்களுக்கு டிப்ளமா வாங்கிக் குடுத்தது, அதுலயும் மியூசியங்கள்ல பாக்கக் கிடைக்கறது சின்னச் சின்ன சாம்பிள் துண்டு. காண்டின்ஸ்கி 1923ல சுத்துக்கு விட்ட ஒரு படிவம் இருக்கு, முக்கோணம், சதுரம், வட்டம் மூணுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலத்துல எது பொருந்தும்னு கலர் அடிச்சுக் குடுங்கன்னு. மேல தொழில், ஆணா பெண்ணா, எந்த நாடுன்னு கோடு போட்ட எடம். பேருக்குத் தனியா கட்டம் கிடையாது. பென்சில் கலர் கோட்டுக்கு வெளிய போன படிவங்கள் சிலது இன்னிக்கும் இருக்கு.

வைமார்ல முதல் சில வருஷம் படிச்ச ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டைஸ நாஜிக்கள் 1942ல பிராகுக்குப் பக்கத்துல யூதர்கள அடைச்சு வச்ச டெரசின் முகாமுக்கு அனுப்பினாங்க. அங்க பிள்ளைங்களுக்கு ரகசியமா ஓவியம் சொல்லிக் குடுத்தாங்க, பௌஹவுஸ்ல தான் கத்துக்கிட்ட அதே முதல் வருஷப் பயிற்சி, கிழிஞ்ச ஆபீஸ் படிவத்துல ஒட்டுப்படம், தாளத்துக்குக் கோடு. ஒவ்வொரு பிள்ளையையும் படத்துல தன் பேர எழுதச் சொன்னாங்க. 1944 அக்டோபர்ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏத்தினப்போ சுமார் 4,500 படத்த ரெண்டு சூட்கேஸ்ல ஒளிச்சு வச்சுட்டுப் போனாங்க, அவங்க திரும்பி வரல, சூட்கேஸ் போர் முடிஞ்சு 1945ல பிராகுக்கு வந்துச்சு. இப்போ அங்க யூத மியூசியத்துல இருக்கு. படத்தோட மூலைல இருக்குற கையெழுத்த நாஜிக்களோட ரயில் பட்டியலோட ஒப்பிட்டு ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல பிறந்த தேதி, டெரசின் வந்த தேதி, ஏத்தின தேதின்னு எழுதி வச்சிருக்காங்க. சில பேருக்கு மட்டும் கடைசி எடத்துல, பிழைச்சு வந்தாங்கன்னு இருக்கும்.