குடையைக் கண்டு மிரளும் நாய்

விரித்து வைத்த குடையை ஒரு பயந்த நாய் முதன்முதலாகப் பார்க்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கழுத்து முன்னால் நீண்டிருக்கும், மூக்கு துடித்துக்கொண்டிருக்கும். பின்னங்கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே அழுத்தமாக ஊன்றி, எந்த நொடியும் பின்னால் பாயத் தயாராக இருக்கும். வால் கால்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும். சாப்பிட எதுவும் இல்லாதபோதே நாக்கு ஒருமுறை வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டுப் போகும். ஆர்வம் முன்னால் இழுக்கிறது, பயம் பின்னால் இழுக்கிறது.

இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? இறைச்சித் துண்டு ஒன்றைக் குடைக்குப் பக்கத்தில் வைத்து 'வா, வா' என்று கூப்பிடுகிறோம். எண்ணம் நல்லதுதான். நாயும் உடம்பை முடிந்தவரை நீட்டித் துண்டைக் கவ்விவிடும். கவ்விய பிறகுதான் தான் எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்று அதற்குத் தெரியும். காற்றில் குடை லேசாக அசைந்தால் போதும், தலைதெறிக்க ஓடும். இப்படி நாலைந்து முறை நடந்தால், அடுத்து நீங்கள் இறைச்சியை எடுக்கும்போதே நாய் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கும்.

தீனிக்குப் பின்னால் பயம் வந்தால், தீனியே பயத்தின் அறிவிப்பாகிவிடும். பயப்படும் பொருள் முதலில் வந்து, அதன் பின்னால் தீனி வந்தால், அந்தப் பொருள் நல்லதன் அறிவிப்பாகும். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் சோதனை நாய்களுக்கு, தீனி வரப்போவதன் அறிகுறியாக மணியோசைகளும் பிற அடையாளங்களும் வேலை செய்ததும் இந்த வரிசையில்தான். ஆகவே நாய் குடையைப் பார்க்கட்டும். பார்த்த பிறகு, அது நிற்கும் இடத்திலேயே தீனியைக் கொடுங்கள். அப்புறம் குடையை விட்டு விலகிப் போக நினைத்தால் போகட்டும்.

இந்த முறையை முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-இல் அவர் எழுதியது நாயைப் பற்றி அல்ல, முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி. அவன் விருப்பமானதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டைக் கெடுக்காத தூரத்தில் முயலை வைத்து, மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தொட்டே விளையாடினான். கவனக்குறைவாகச் செய்தால் இதுவே தலைகீழாகி, சாப்பாட்டின் மீது பயம் வந்துவிடும் என்றும் அப்போதே எச்சரித்திருந்தார் ஜோன்ஸ். இத்தனை வருடங்கள் கழித்தும் நாய் வளர்ப்பவர்கள் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆபத்து என்று மூளையின் அமிக்டலா பகுதி முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், ஜீரண வேலை தள்ளிப்போகும். பிடித்த தீனியைக்கூட நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது இதனால்தான். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். அந்த நிலையில் புதிதாக நல்லதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு. நாய் தீனியை வாங்க மறுத்தாலும், வழக்கத்தைவிடப் படபடவென்று விரலோடு சேர்த்துக் கவ்வினாலும், தூரம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு சில அடி பின்வாங்குங்கள்.

'கிட்டே இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள், தானாகப் பழகிவிடும்' என்று சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். சில நேரம் நாய் அடங்கிப்போவதும் உண்மை. ஆனால் அடங்கிப்போவதும் பயம் போவதும் ஒன்றல்ல. 1967-இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும் நாய்களை வைத்து நடத்திய சோதனை மனதைச் சங்கடப்படுத்தும். தப்பிக்கவே முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயற்சியே செய்யவில்லை. தன் செயலால் எதுவும் மாறாது என்ற நிலைக்கு வந்துவிட்ட விலங்கு வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தெரியலாம். விலகிப் போகவும் திரும்பி வரவும் உரிமை உள்ள நாய்தான் தைரியமாகக் கிட்டே வந்து முகர்ந்து பார்க்கும். அதனால் கயிறு எப்போதும் தொய்வாக இருக்கட்டும்.

அதேபோல, பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பதையும் நம்ப வேண்டாம். பயம் கூலிக்குச் செய்யும் வேலை அல்ல. உங்களிடம் ஒண்டிக்கொள்ள வந்தால் ஒண்டட்டும்.

சில நாய்கள் மட்டும் ஏன் இப்படி? பரம்பரைக்கும் பங்குண்டு, குட்டிப் பருவத்துக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளின்படி, ஏறக்குறைய 3 முதல் 12 வாரம் வரையிலான வயதில் குட்டிகள் புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. அதே இடத்தில் நடந்து 1961-இல் வெளியான இன்னொரு ஆய்வில், 14 வாரம் வரை மனிதர்களோடு பழகாமல் வளர்ந்த குட்டிகள் அதன்பிறகு மனிதர்களை நெருங்கவே மிரண்டன. அந்தக் காலம் கடந்த நாய்களாலும் கற்றுக்கொள்ள முடியும். என்ன, ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக, நிதானமாக அறிமுகப்படுத்த வேண்டியிருக்கும்.

நிதானம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழகிய பிறகும் பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதன் மேல் ஒரு புதிய அனுபவம் படிகிறது, அவ்வளவுதான். மறைந்த எதிர்வினை சில காலம் கழித்துத் தானாகத் தலைகாட்டுவதைப் பாவ்லோவே பார்த்திருக்கிறார். பழகிய இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போனாலும் அது எட்டிப்பார்க்கும். கூடத்தில் குடையைச் சட்டை செய்யாத நாய் தெருவில் அதே குடைக்கு மிரண்டால், பயிற்சி வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தெருவில் மறுபடி தூரத்திலிருந்து தொடங்குங்கள். இந்தத் தடவை பெரும்பாலும் சீக்கிரமே முடியும். மூடிய குடை, பாதி விரித்த குடை, வேறு நிறக் குடை, வேறு ஆள் கையில் பிடித்த குடை என்று மாற்றி மாற்றிக் காட்டுவதும் இதற்காகத்தான்.

முன்னேற்றத்தை அளக்க, பயந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். திடுக்கிட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு இயல்புக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த நேரம் சுருங்கி வந்தால் சரியான பாதையில்தான் போகிறீர்கள். நீண்டுகொண்டே போனாலோ, இதுவரை தைரியமாக இருந்த நாய் திடீரென்று மிரளத் தொடங்கினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலியும் காதுவலியும்கூடப் பயமாக வெளிப்படலாம்.