காது இரைச்சலும் தாழ் மீடிறன் ஒலியும்

கிளினிக் கொப்பியில் 'டின்னிடஸ்' என்று எழுதியிருந்தால் வன்னியில் பலர் அதை ஏதோ புது வருத்தம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்கள் டொக்டரிடம் போய்ச் சொன்னதே அதைத்தான்: "காதுக்குள்ள கூ எண்டு இரையுது ஐயா." வெளியில் ஒரு சத்தமும் இல்லாதபோது காதுக்குள்ளோ தலைக்குள்ளோ கேட்கும் சத்தம் இது. சிலருக்கு விசில், சிலருக்குச் சில்வண்டு, சிலருக்குக் கடல். தனி நோய் அல்ல, அறிகுறி.

சொல் இலத்தீன். 'டின்னிரே' என்றால் மணிபோல் ஒலித்தல். முதலாம் நூற்றாண்டில் உரோமை எழுத்தாளர் பிளினி, எங்கோ நம்மைப் பற்றிப் பேசினால் நம் காது ஒலிக்கும் என்ற நம்பிக்கையைக் குறித்துவைத்திருக்கிறார். நம்மவர்களுக்கு அதே வேலையைப் புரைக்கேறுதல் செய்கிறது! ஆர்த்ரைடிஸ் போல இதுவும் ஓர் அழற்சி என்று பெயரின் ஓசையை வைத்து எண்ணிவிடக்கூடாது. அந்த 'ஐடிஸ்' வேறு, இது வேறு.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடி அலையத் தேவையில்லை. கடல் இரையும், சனக்கூட்டம் இரையும், காதும் இரையும். 'காது இரைச்சல்' என்பதே போதும். ஆயுர்வேதத்தில் வரும் 'கர்ணநாதம்' வடசொல். 'ரீங்காரம்' என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பூவைச் சுற்றும் வண்டுக்கு அது அழகு. இரவு முழுக்க நித்திரையில்லாமல் புரளுகிறவருக்கு அது ரீங்காரமா?

உட்காதிலுள்ள மயிர்க்கலங்கள் பெருஞ்சத்தத்தால் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கும் கலங்களே முதலில் போகின்றன. வரவேண்டிய சமிக்ஞை வராதபோது மூளை தன் பக்கத்து உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது, அதுவே இரைச்சலாகக் கேட்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 2009 வரை ஷெல்லுக்கும் கிபிர் போர்விமானத்துக்கும் நடுவே இருந்த சனத்துக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அரிசி ஆலையும் உழவு இயந்திரமும், அப்புறம் வயதும் காரணமாகலாம். மருந்துகளும் உண்டு. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா (குயினின்) காதை இரைய வைக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால் அந்தக் கதை இங்கே பழசாகிவிட்டது.

சரி, இரைச்சலைத் தணிக்கும் என்று சொல்லப்படும் 'தாழ் மீடிறன்' ஒலி என்றால்? ஒரு செக்கனில் ஒரு பொருள் எத்தனை தரம் அதிர்கிறது என்பதே மீடிறன். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதிர்வெண். அலகு ஹேர்ட்ஸ். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை கேட்கும். 'தாழ்' என்றதும் சத்தத்தைக் குறைத்து வைப்பது என்றே பலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது உரப்பு. தாழ் மீடிறன் என்பது கட்டைக் குரல், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம். உரக்கவும் ஒலிக்கலாம், மெல்லவும் ஒலிக்கலாம்.

2007இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்தில் ஃபான்-காங் செங் குழுவினர், உட்காதுக் கருவி பொருத்திய ஒரு நோயாளியின் கீச்சென்ற இரைச்சலை 40 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையான கட்டையான துடிப்பொலி தற்காலிகமாக அடக்கியதாக அறிவித்தார்கள். கவனியுங்கள்: ஒரே நோயாளி, தற்காலிகம். ஒலிப்பெருக்கும் செவிக்கருவியும் ஒலி எழுப்பும் கருவியும் காது இரைச்சலுக்கு எவ்வளவு உதவுகின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு பார்த்தது. ஒரு கருவி மற்றதைவிட மேல் என்று காட்டச் சான்று அதற்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் 'ஒலிச் சிகிச்சை' என்ற சொல்லில் எனக்குத் தயக்கம். சிகிச்சை என்றால் சனம் சுகம் வரும் என்று எதிர்பார்க்கும். இங்கே நடப்பது தணிப்பு மட்டும். 'தணிப்பொலி' என்றால் பொய்யில்லை. கீச்சொலி கேளாத காதுக்கும் கட்டையொலி பெரும்பாலும் எட்டும், கூட்டி வைக்கத் தேவையில்லை. மழைச் சத்தமோ முல்லைத்தீவுக் கடலின் இரைச்சலோ போனில் இருந்தால் அதையே போட்டுப் பார்க்கலாம். இரைச்சலை முழுதாக மூடும் அளவுக்குக் கூட்டாமல், இரண்டும் சேர்ந்து கேட்கும் அளவில் விடுங்கள். மூளை இரைச்சலைப் பொருட்படுத்தாமல் விடப் பழகவேண்டும் என்பதே நோக்கம்.

ஒரு காதில் மட்டும் இரைந்தால், நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தால், தலைச்சுற்று வந்தால், போனைத் தேடாமல் காது மூக்கு தொண்டை டொக்டரைத் தேடுங்கள். காது கேட்பது திடீரென்று குறைந்தால் அன்றைக்கே போகவேண்டும்.