மண்டபத்திலிருந்து வந்த அண்டா

அந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. தரை ஈரமில்லாமல் இருந்தது. சமையல் அம்மா தலையில் துணி கட்டியிருந்தார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் 'சரி' என்று குறித்துக்கொண்டே வந்த நான், மூலையில் மூடியிருந்த அண்டாவைத் திறந்தேன். பாதி அளவுக்கு வெள்ளைச் சாதம்.

"நேற்று ராத்திரி கல்யாண மண்டபத்திலிருந்து கொடுத்துவிட்டார்கள், மேடம். மதியத்துக்குப் புளிக்காய்ச்சல் போட்டுக் கிளறிவிடுவேன்" என்றார்.

அப்போது காலை பத்து மணி. வெப்பமானியைச் சாதத்தின் நடுவில் செருகினேன். 31 டிகிரி. மாலை ஆறு மணிக்கு வடித்திருந்தால் பதினாறு மணி நேரம் ஆகிவிட்டது.

உணவியல் ஆலோசகராக முதியோர் இல்லங்களுக்குப் போய்வரும் எனக்கு அழுக்குத் தரையைவிட இந்த அண்டாதான் அதிகம் பயம் தருகிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சாதம் ஆறி அப்படியே கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. புளிக்காய்ச்சல் ருசியைத்தான் மாற்றும்.

இதே சாதத்தை முப்பது வயதுக்காரர் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒருநாள் வாந்தியோடு போய்விடும். எண்பது வயதில் கதை வேறு. அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவரின் வயிற்றில் கிருமியைத் தடுக்கும் அமிலம் குறைவு. தாகமும் சரியாகத் தெரியாது. சிறுநீரை அதிகம் வெளியேற்றும் நீர் மாத்திரை வேறு சாப்பிடுபவராக இருந்தால், நாலைந்து முறை வயிற்றோட்டம் போனாலே ரத்த அழுத்தம் இறங்கிவிடும். நடுராத்திரியில் எழுந்தவர் தலைசுற்றி விழுவார். பதிவேட்டில் 'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்றிருக்கும். சாதத்தைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

வாசனையும் ருசியும் மங்கிப்போன வயது என்பதால் சாப்பிடுபவருக்கே கெட்டுப்போனது தெரிவதில்லை. தெரிந்தாலும், "எனக்குத்தான் நாக்கு செத்துப்போய்விட்டது" என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். புகார் வரவில்லை என்று நிர்வாகி சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

சட்டத்தில் இடைவெளி இல்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், லாப நோக்கமில்லாத இடத்தையும் உணவுத் தொழிலாகவே கருதுகிறது. 2011-இன் விதிமுறைகளில் உள்ள நான்காம் அட்டவணை, சமைப்பவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது. மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே 2019-இல் தனி விதிமுறைகள் வந்தன. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்பதுதான் கணக்கு. ஆனால், ஆய்வுக்கு வருபவர் வருவது பகலில். அண்டா வருவது இரவில்.

மண்டபத்துச் சாப்பாடு மட்டுமல்ல. மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களுக்குக் கஞ்சி அரைக்கும் மிக்ஸி ஜாடியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். அங்கே பிளேடுக்கு அடியில் விரலை விட்டேன். கறுப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றியே பல மாதம் ஆகியிருந்தது. காலையில் அரைத்த கஞ்சியை மாலைவரை மேஜையில் வைத்துத்தான் கொடுத்துவந்தார்கள்.

நிர்வாகியிடம் பேசினேன். நன்கொடையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கவலை. சமைத்த உணவுக்குப் பதில் அரிசி, பருப்பு கேளுங்கள், அல்லது ஒருவேளைச் சாப்பாட்டின் செலவை வாங்கி இங்கேயே சமையுங்கள் என்றேன். சமைத்த நேரத்தைச் சொல்ல முடியாதவர்களிடம் எதையும் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். சமையல் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. "அன்னத்தைக் கொட்டினால் பாவம் இல்லையா?" என்று கேட்டார். அவருக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு நோட்டையும் வெப்பமானியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கோணல் எழுத்தில் இருந்தது: 'ராத்திரி 10.40. சாம்பார் சாதம், ஒரு அண்டா. எப்போது சமைத்தது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. திருப்பி அனுப்பினேன்.'