எதிரில் இருப்பவர் பேசும்போதே நடிப்பு தொடங்குகிறது

நாடகம் முடிந்து இறங்கிவரும் நடிகரிடம் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு வசனத்தையும் எப்படி மனப்பாடம் செய்தீர்கள்? தேர்ந்த நடிகர்கள் பலர் மனப்பாடத்தைத் தனி வேலையாகச் செய்வதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அமெரிக்க உளவியலாளர் ஹெல்கா நோய்ஸும், நடிகரும் இயக்குநருமான டோனி நோய்ஸும் பல ஆண்டுகள் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். நடிகர்கள் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி உருப்போடுவதைவிட, ஒவ்வொரு வரியிலும் நின்று, இந்த ஆள் ஏன் இதை இப்போது இவரிடம் சொல்கிறான், இவரை என்ன செய்யவைக்கப் பார்க்கிறான் என்று துருவுகிறார்கள் என்பது தெரியவந்தது. "இன்னும் தூங்கலையா?" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் தாய் கேட்டால் ஒரு மாதிரி. பின்வாசல் வழியாக நைசாக வெளியேறப் பார்க்கும் கணவன் மனைவியிடம் கேட்டால் வேறு மாதிரி. அவனுக்கு வேண்டியது பதில் இல்லை, அவள் தூங்கப் போக வேண்டும், அவ்வளவுதான். அது புரிந்துவிட்டால் அவனுடைய அடுத்த வரி என்னவாக இருக்கும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம். ஒரு வரி அடுத்ததை இழுத்துவருகிறது, நினைவு அந்தக் காரணச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இது நடிகர்களுக்கு மட்டும் வாய்த்த திறமையும் இல்லை. நடிப்புப் பயிற்சியே இல்லாத மாணவர்களிடம், எதிரில் இருப்பவரிடம் உண்மையாகவே சொல்வதுபோல இந்த வரிகளைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, மனப்பாடம் செய்ய முயன்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் நினைவில் நின்றது. அசைவும் உதவுகிறது. நாடகம் முடிந்து மாதங்கள் கழித்துக் கேட்டபோதும், மேடையில் நடந்துகொண்டே சொன்ன வசனங்கள் நின்ற இடத்தில் சொன்னவற்றைவிட நன்றாக நினைவில் இருந்தன. ஆகவே படுக்கையில் சாய்ந்தபடி வசனம் படிப்பவர்கள் கொஞ்சம் எழுந்து நடமாடலாம்.

சரி, உணர்ச்சி? அழும் காட்சியில் நடிகர் உள்ளுக்குள் அழ வேண்டுமா என்பது பழைய சண்டை. பெரிய நடிகர் எதையும் உணர்வதில்லை, அதனால்தான் ஒவ்வொரு இரவும் ஒரே தரத்தில் நடிக்க முடிகிறது என்று வாதிட்டார் 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ. நெதர்லாந்து ஆய்வாளர் எல்லி கோனைன் நடிகர்களையே கேட்டு ஆராய்ந்தபோது பதில் வேறு பக்கம் திரும்பியது. மேடையில் அவர்களுக்கு உணர்ச்சி நிறையவே இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது பாத்திரத்தின் உணர்ச்சி அல்ல. கூட்டத்தின் முன் நிற்கும் பதற்றம், சவால், எல்லாம் கைகூடி வரும்போது வரும் கிளர்ச்சி, இவைதான். படபடக்கும் இதயமும் விறைத்த தசையும் உண்மை. பார்ப்பவர்கள் அதைப் பாத்திரத்தின் கோபமாகவோ பயமாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். சபைக் கூச்சத்தை அறவே ஒழிக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

கனடாவில் ஸ்டீவன் பிரவுன் குழு 2019-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வும் உண்டு. நடிகர்கள் ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ தங்களைப் பாவித்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னபோது, 'நான்' என்ற உணர்வோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகள் சிலவற்றில் செயல்பாடு குறைந்தது. சுவாரஸ்யம்தான். ஆனால் ஸ்கேன் குழாய்க்குள் தனியாகப் படுத்திருப்பவருக்கு எதிரே சக நடிகர் இல்லையே. என் பார்வையில் நடிப்பின் பாதி அந்த எதிராளியிடம் இருக்கிறது.

அதைக் காட்டும் இன்னொரு அளவீடு நாடகத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வருகிறது. பத்து மொழிகளின் இயல்பான உரையாடலை ஆய்வாளர் தான்யா ஸ்டைவர்ஸ் குழு அளந்து 2009-ல் வெளியிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் இடைவெளி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு ஏறக்குறைய 600 மில்லி விநாடி ஆகிறது. அப்படியானால் எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்.

புதிய நடிகர் சறுக்குவது இங்கேதான். மற்றவர் வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு, அது வரும்வரை சும்மா நிற்கிறார். வந்ததும் தன் வரியை எடுக்கிறார். சொற்கள் சரி, உச்சரிப்பு சரி, இருந்தும் ஒப்பிப்பதுபோலவே இருக்கும். அப்புறம் இயக்குநர் "இன்னும் உணர்ச்சி வேண்டும்" என்பார், இவர் குரலை உயர்த்துவார், நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்கு ஒத்திகையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பிரதியில் உங்கள் வரிக்கு அடிக்கோடிடுவதற்கு முன், மற்றவருடைய வரியில் எந்தச் சொல் உங்கள் பாத்திரத்தைச் சீண்டுகிறது என்று தேடுங்கள். "நேத்து உன் அண்ணன் பணம் கேட்டு வந்தான், நான் இல்லைன்னு சொல்லிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், தம்பிக்குச் சுருக்கென்று தைப்பது 'பணம்' என்ற இடத்திலேயே இருக்கலாம். மூச்சு அங்கே மாற வேண்டும், பார்வை அங்கே திரும்ப வேண்டும். மீதிச் சொற்கள் முடியும்வரை அவன் பதிலை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.