புகை போட்ட கறியும் கெடும்

குடும்பங்கள் ஒன்றுகூடும் பண்டிகைக் காலம் முடிந்த கையோடு, ஒரே சாயலுள்ள நான்கைந்து முகங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மருந்தகத்தில் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் முன்பெல்லாம் பிரியாணி என்பார்கள். இப்போது ஸ்மோக்கர் அடுப்பில் ஐந்தாறு மணி நேரம் புகையிட்டுச் சமைத்த ஆட்டு விலா எலும்பு என்கிறார்கள். அண்மையில் வந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டியை, உடலில் நீர் வற்றிய நிலையில் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்ததால், ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வீட்டில் முந்தைய நாள் மாலை முழுவதும் புகையிட்டு, இரவில் எலும்புகள் அனைத்தையும் அலுமினியத் தாளில் சுற்றி, ஒரு பெரிய அண்டாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி, சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் மதியம் லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறியிருக்கிறார்கள். ஏன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "புகை போட்ட கறி கெடாதே டாக்டர், ஊரில் உப்புக்கண்டம் மாதக்கணக்கில் இருக்குமே" என்று அந்த மூதாட்டியின் மகன் என்னையே திருப்பிக் கேட்டார்.

உப்புக்கண்டம் கெடாமல் இருப்பதற்குக் காரணம் புகை அன்று. கறியை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, தாராளமாக உப்பும் மஞ்சளும் தடவி, தோல்போல் விறைக்கும்வரை வெயிலில் காயவைப்பதால், கிருமி பெருகுவதற்கு வேண்டிய ஈரம் அதில் இருப்பதில்லை. கருவாட்டுக்கும் இதே கதைதான். நீங்கள் ஸ்மோக்கரிலிருந்து எடுப்பதோ சாறு சொட்டும், கொழுப்பு மினுங்கும், சர்க்கரை கலந்த சாஸ் பூசிய கறி. அப்படி ஈரமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை மணி நேரம் மெனக்கெட்டீர்கள்? புகையிலுள்ள சில பொருள்கள் மேற்பரப்பில் கிருமிகளைச் சற்றே தடுக்கும் என்பது உண்மைதான் என்றாலும், சுவைக்காகச் சில மணி நேரம் இடும் புகை, சமைத்த கறியை ஓர் இரவு வெளியே வைக்கும் உரிமையை எவருக்கும் தருவதில்லை. கடையில் வாங்கும் புகையிட்ட மீன்கூடக் குளிர்பெட்டியில்தான் விற்கப்படுகிறது என்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

புகையடுப்பின் வெப்பத்தில் பெரும்பாலான கிருமிகள் மடிந்தாலும், கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் போன்ற கிருமிகளின், வெப்பத்தைத் தாங்கும் வித்துகள் பிழைத்துக்கொள்கின்றன. அண்டாவில் நெருக்கி அடுக்கிய எலும்புகளின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஏறத்தாழ 45 டிகிரி செல்சியசில் இந்தக் கிருமி 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்க வல்லது. மறுபடி சூடாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: எலும்பைப் பிரித்தெடுத்த கைகளிலிருந்து வந்துசேரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒருமுறை நச்சைச் சுரந்துவிட்டால், கிருமி செத்த பின்னும் அந்த நச்சு சூட்டுக்கு அழிவதில்லை. சூடான உணவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாகாது, ஆறட்டும் என்று விடியும்வரை காத்திருப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரவிலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கும் சிங்கப்பூரில் எது எப்போது ஆறப்போகிறது?

ஆகவே, உறைந்த எலும்பை முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். இடைவெளியின்றி அடுக்கினால் அடுப்பு சூடேறத் திணறும் என்பதால், நாற்பது பேருக்குச் சமைப்பதாயினும் இரண்டு தவணைகளாகப் போடுங்கள். மேலே கருத்திருப்பதும் உள்ளே இளஞ்சிவப்பு வளையம் தெரிவதும் வெந்ததற்கோ வேகாததற்கோ சான்று அல்ல. அந்த வளையம் புகையின் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால் உண்டாவது. இறைச்சி வெப்பமானி விலையுயர்ந்த பொருளன்று. அதை எலும்பில் படாமல் சதையில் செருகிப் பாருங்கள். விலா எலும்பு மிருதுவாவதே 90 டிகிரிக்கு மேல் என்பதால், பொறுமையாகச் சமைப்பவர்களுக்கு வேக்காட்டில் சிக்கல் வருவது அரிது. பச்சைக்கறி இருந்த தட்டை மட்டும் வெந்த கறிக்கு நீட்டாதீர்கள். 2009ஆம் ஆண்டு சிங்கப்பூரின் கேலாங் சிராய் வட்டாரத்தில் இந்திய ரோஜாக் (பொரித்த பண்டங்களைக் காரச் சாறில் தொட்டுண்ணும் உணவு) உண்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்று இருவர் உயிரிழந்ததற்கு, பச்சைக் கடலுணவிலிருந்து பரவிய கிருமியே காரணமாகக் கருதப்பட்டது.

சமைத்த பிறகு இரண்டே வழிகள்தாம் உள்ளன. அன்றே பரிமாறுவதானால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூட்டில் வைத்திருங்கள். கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிய ஐஸ் பெட்டியில் தாளோடும் துண்டோடும் சுற்றி வைத்தால் சில மணி நேரம் தாங்கும், ஆயினும் வெப்பமானியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்கானால், தனித்தனியாக வெட்டி, அகன்ற தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இடமில்லையென்றால் வெளியே வர வேண்டியவை குளிர்பானப் புட்டிகள். மறுநாள் 75 டிகிரிவரை முழுமையாகச் சூடாக்குங்கள். மதியம் முதல் மேசையில் கிடந்ததை, பாசத்தோடு டப்பாவில் கட்டி உட்லண்ட்சிலும் பொங்கோலிலும் இருக்கும் உறவினர்களுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

அப்படியும் வயிறு கெட்டுவிட்டால், "ஊசி போடுங்கள், ஆன்டிபயாடிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டாம். பெரும்பாலோருக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஓய்வுமே போதும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், நீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது நோயுற்றவர் முதியவராகவோ கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையாகவோ இருந்தாலும், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். யார் எதை எத்தனை மணிக்கு உண்டார்கள் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.