ஒரே ஒரு ஹிட், அதிலேயே வெற்றி

1959 மே 26 இரவு, அமெரிக்காவின் மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டம் ஏட்டில் இப்படிப் பதிவாகியிருக்கிறது:

பிட்ஸ்பர்க் பைரட்ஸ்: 0 – 12 – 1
மில்வாக்கி பிரேவ்ஸ்: 1 – 1 – 0

முதல் எண் ரன், அடுத்தது ஹிட், மூன்றாவது ஃபீல்டர்கள் செய்த பிழை, அதாவது எரர். 12 ஹிட் அடித்த அணி தோற்றிருக்கிறது. ஒன்றே ஒன்று அடித்த அணி ஜெயித்திருக்கிறது.

கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அச்சுப்பிழை மாதிரி தெரியும். ஆனால் இந்த 'பாக்ஸ் ஸ்கோர்' முறையை வளர்த்தெடுத்த ஹென்றி சாட்விக்கே கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர்தான். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். ஸ்கோர் கணக்கில் இரண்டு ஆட்டத்துக்கும் முக்கிய வித்தியாசம் ஓரிடத்தில்தான். பேஸ்பாலில் பந்தை அடித்து, ஃபீல்டரின் பிழை இல்லாமல் முதல் பேஸை (ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவதை) எட்டினால் அது ஹிட். நான்கு பேஸையும் சுற்றி வந்தால்தான் ரன். நடுவழியில் நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது.

பிட்ஸ்பர்க் நின்றது அங்கேதான். ஹிட் அடித்த 12 பேரில் ஒருவர் மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட். மூன்று பேர் 'டபுள் பிளே'யில் போனார்கள், அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட். மீதி 8 பேர் பேஸிலேயே நின்றபடி இன்னிங்ஸ் முடிந்தது. மில்வாக்கியின் லூ பர்டெட் 13 இன்னிங்ஸும் தானே வீசினார்.

எதிரில் வீசியவர் பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹாடிக்ஸ். 12 இன்னிங்ஸ், 36 பேட்டர்கள், 36 அவுட். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. வழக்கமான ஆட்டம் 9 இன்னிங்ஸ்தான். தன் அணி ஒரு ரன் எடுத்துக் கொடுத்திருந்தால் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பார், பாவம்.

13-வதில், மூன்றாவது பேஸ் ஃபீல்டர் டான் ஹோக் தப்பாக எறிய, ஃபெலிக்ஸ் மன்டியா முதல் பேஸை அடைந்தார். பிட்ஸ்பர்க் வரிசையில் இருக்கும் அந்த '1' இதுதான். எடி மேத்யூஸ் தன்னை அவுட்டாக்கிக்கொண்டு மன்டியாவை இரண்டாவது பேஸுக்குத் தள்ளினார். ஹேங்க் ஆரனை வேண்டுமென்றே 'வாக்' கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த ஜோ ஆட்காக் பந்தை வேலிக்கு வெளியே அடித்தார்.

ஹோம் ரன், 3 ரன் என்றுதானே கணக்கு வர வேண்டும்? பந்து வேலியைத் தாண்டியதைக் கவனிக்காத ஆரன், ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் விலகிப்போனார். பின்னால் ஓடிவந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னால் ஓடுபவரைத் தாண்டினால் அவுட். லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் பிறகு அந்த அடியை வெறும் 'டபுள்', அதாவது இரண்டு பேஸுக்கான அடி, என்று அறிவித்தார். ஸ்கோர் 1–0.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் பாக்ஸ் ஸ்கோர் அசராது. அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: பேட் பிடித்தவர்களின் எண்ணிக்கை, அவுட், ரன், பேஸில் மிஞ்சியவர் மூன்றையும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். மில்வாக்கிக்கு 36-உம் 4-உம் சேர்த்து 40 முறை. அவுட் 38, மன்டியாவின் ரன் 1. மிஞ்சிய ஒருவர், பாதியில் போன அதே ஆரன்! பிட்ஸ்பர்க்குக்கு 39 அவுட், 0 ரன், மிஞ்சியவர் 8, மொத்தம் 47.

ஃபீல்டரின் பிழையால் வந்த ரன்னைப் பந்து வீசும் பிட்சரின் குற்றமாகக் கணக்கிடுவதில்லை. அது 'சம்பாதிக்காத ரன்'. ஆட்டத்தின் தோல்வி மட்டும் பிட்சர் பெயரில்தான் ஏறும்.

1991-இல் விதியை இறுக்கினார்கள்: ஆட்டம் முடியும்வரை ஹிட்டே கொடுக்காவிட்டால்தான் 'நோ ஹிட்டர்'. ஹாடிக்ஸ் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய வரிசை மட்டும் மாறவில்லை. இன்னிங்ஸ் 12.2 (புள்ளிக்குப் பின்னால் இருப்பது தசமம் இல்லை, இரண்டு அவுட்), ஹிட் 1, ரன் 1, சம்பாதித்த ரன் 0, வாக் 1, ஸ்ட்ரைக் அவுட் 8. பெயருக்குப் பக்கத்தில், தோல்வியைக் குறிக்கும் 'எல்'.